பிரதமர் பண்டாரநாயக்காவும் ஒரு கைத்துப்பாக்கியும்



துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை யாருக்கு? அதை ஒருவர் கையில் கொடுக்குமுன் அவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பது அவசியமா, அல்லது அவருக்குச் செய்யும் அவமானமா? இக் கேள்விகள் அமெரிக்காவில் பல்லாண்டுகளாகப் பெரும் அரசியல் வாதமாக நடைபெற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் இது தூர தேசத்துப் பிரச்சினை மட்டுமன்று. நம் கொழும்பு மாநகரில், கறுவாத்தோட்டத்து றோஸ்மீட் பிளேசில், ஒரு பிரதமரின் உயிரையே விலையாகக் கேட்ட பிரச்சினையும் இதுவே. அந்தப் பிரதமரின் வாழ்க்கையை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம்.

சொலமன் வெஸ்ட் றிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்கா 1899ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி பிறந்தார். தந்தையார் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்கா ஆங்கிலேய ஆட்சியில் மகா முதலியார் பதவி வகித்தவர். ஹொரகொல்லையில் பெரும் நிலபுலன் உடையவர். அக்காலத் தேசாதிபதி சேர் ஜோசெப் வெஸ்ட் றிட்ஜ்வேயின் பெயரையே பிள்ளைக்கும் இட்டார் என்றால் அக் குடும்பத்தின் நிலை உங்களுக்கு விளங்கும். குடும்பம் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம். மகன் படித்தது சென். தோமஸ் கல்லூரியில். அக்கல்லூரி அந்நாளில் கல்கிசையில் இருக்கவில்லை. நமது கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரத்திலேயே இருந்தது. பின்னர் ஒக்ஸ்போட் சென்று, அங்குள்ள மாணவர் விவாத மன்றத்தில் பேர்பெற்ற பேச்சாளராகி, 1925இல் நாடு திரும்பினார்.

திரும்பியவர் ஆங்கில உடையைக் களைந்து தேசிய உடை அணிந்தார், பௌத்தத்தைத் தழுவினார். 1926இல் மருதானை வட்டாரத்தில் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவைத் தோற்கடித்து மாநகர சபை அங்கத்தவரானார். அதே ஆண்டில் இந்நாட்டுக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தமானது என்று எழுதியும், யாழ்ப்பாணம் சென்று பேசியும் வந்தவரும் அவரே. நம்மில் இளையோர் பலர் இதை அறியார்.

1931இல் அரசாங்க சபைக்குச் சென்றார். 1947இல் டி. எஸ். சேனநாயக்காவின் முதல் மந்திரிசபையில் சுகாதார, உள்ளூராட்சி மந்திரியானார். 1951இல் அரசாங்கத்தை விட்டு விலகி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியை ஆரம்பித்தார். 1956இல் சிங்களம் மட்டும் என்ற கோஷத்தின்மேல் ஏறிப் பிரதமரானார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறியது. அதனால் நம் மக்கள் பட்ட துன்பத்தை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

தாம் எழுப்பிவிட்ட வேகம் எங்கே இழுத்துச் செல்லும் என்பதை அவர் பின்னர் உணர்ந்தார் போலும். 1957 ஜூலை 26ஆம் திகதி தந்தை செல்வநாயகத்துடன் ஓர் உடன்படிக்கை செய்தார். 1958 ஏப்ரலில் பிக்குமார் அவருடைய வீட்டு வாசலில் வந்து அமர்ந்து எதிர்ப்புக் காட்டவே, அதைக் கிழித்தெறிந்தார். அடுத்த மாதமே கலவரம் மூண்டது. கொழும்புத் தமிழர் அகதிகளாகி றோயல் கல்லூரியில் தஞ்சம் புகுந்து, கப்பலேறி வடக்கே சென்றார்கள். அந்த உடன்படிக்கை நிலைத்திருந்தால் இந்நாட்டின் கதை வேறாகியிருக்கும் என்று எண்ணாத தமிழர் குறைவு.

இதே பண்டாரநாயக்காவின் அரசாங்கம் 1958இல் இன்னொரு காரியமும் செய்தது. தூக்குத் தண்டனையை நிறுத்திவைத்தது. உயிருக்கு உயிர் வாங்குவதால் கொலைகள் குறைவதில்லை என்ற கருத்து அதற்கு அடிப்படையாய் இருந்தது.

*அந்த வெள்ளிக்கிழமை காலை*

1959 செப்டெம்பர் 25ஆம் திகதி வெள்ளிக்கிழமை. ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்துக்காக நியூயோர்க் செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்தார் பிரதமர். அவருடைய வீடு பொதுமக்களுக்குத் திறந்த வீடு. குறைகளைச் சொல்ல வந்தவர்கள் அன்றும் விறாந்தையில் காத்திருந்தார்கள். அவர்களுள் தல்துவே சோமராம என்ற பிக்குவும் ஒருவர். அவர் ஆயுர்வேதக் கண் வைத்தியர். சுதேச வைத்தியக் கல்லூரியில் கற்பித்தவர். காவி உடையுடன் வந்த அவரை ஒருவரும் சோதிக்கவில்லை. எதற்காகச் சோதிப்பார்கள்? பிரதமரே வெளியே வந்து குனிந்து வணங்கும் நிலையில் உள்ளவர் அல்லவா! அப்படிப் பிரதமர் வணங்கிய வேளையிலேதான், அந்த உடைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கி வெளியே வந்தது.

குண்டுகள் பட்டுப் பிரதமர் வீட்டுக்குள் ஓடினார். அங்கு நின்ற ஆசிரியர் ஒருவரும் காயமடைந்தார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் சுட்டதில் சோமராமவும் காயப்பட்டுப் பிடிபட்டார். பெரியாஸ்பத்திரியில் பிரதமருக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களுள் டொக்டர் பீ. ஆர். அந்தோனிஸும் ஒருவர். மறுநாள், செப்டெம்பர் 26ஆம் திகதி, பண்டாரநாயக்கா காலமானார். வயது 60.

இறக்குமுன் அவர் நாட்டுக்கு விடுத்த செய்தியைக் கவனியுங்கள். தம்மைச் சுட்டவன் பிக்குவின் உடை அணிந்த அறிவற்ற ஒருவன் என்று மட்டும் சொன்னார். அவன்மேல் பழிவாங்கவேண்டாம், இரக்கம் காட்டுங்கள், அமைதி காத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஒரு சொல்லால் பௌத்த சங்கத்தின்மேல் வீண்பழி விழாமலும் காத்தார். அரசியலில் அவரோடு எவ்வளவு மாறுபட்டாலும், சிலுவையின் கீழ் நிற்கப் பழகிய நாம் அந்த மரணத்தருவாய் வேண்டுகோளை அலட்சியம் செய்ய முடியாது.

*துப்பாக்கி வந்த வழி*

இலங்கையில் துப்பாக்கிச் சட்டம் அன்று இல்லாமல் இருக்கவில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் அப்போதே 43 வயதாகியிருந்தது. இன்றும் அமுலில் இருப்பது, திருத்தங்களோடு, அதுவே. அநுமதிப்பத்திரம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். விண்ணப்பிப்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், அவர்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று பொலிஸ் மூலம் விசாரிக்கவும் வழியுண்டு. அமெரிக்காவில் பின்னணிச் சோதனை என்று வாதிடப்படுவது இதுவே.

ஆனால் சோமராமவின் கைத்துப்பாக்கி அந்த வழியால் வரவில்லை. அது கைமாறி வந்து சேர்ந்த கதை விசாரணையில் வெளியாயிற்று. களனி விகாரையின் அதிபதியாயிருந்த புத்தரக்கித தேரரும், எச். பீ. ஜயவர்த்தன என்ற வர்த்தகரும் சதிக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். 1956இல் பண்டாரநாயக்காவின் வெற்றிக்கு முன்னின்று உழைத்தவர் இதே புத்தரக்கித. ஆகவே ஆயுதத்தை அனுப்பியவரும் நண்பர், கொண்டுவந்தவரும் வணக்கத்துக்குரியவர். சட்டம் கேட்கவேண்டிய கேள்வியைக் கச்சேரியில் கேட்க வாய்ப்பிருக்கவில்லை. வாசலில் கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு நாடு எதைப் பற்றி வாதிட்டது? துப்பாக்கியைப் பற்றியல்ல, தூக்குக் கயிற்றைப் பற்றி! மரண தண்டனையை ஆராய்ந்த நோவல் மொறிஸ் ஆணைக்குழு அதை மீளக் கொண்டுவர வேண்டாம் என்று சிபாரிசு செய்திருந்தும், 1959 முடியுமுன் தகநாயக்கா அரசாங்கம் அத் தண்டனையை மீட்டது. அதுவும் முன்பு நடந்த கொலைக்கும் செல்லுபடியாகும்படி மீட்டது. 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடையில் சோமராம தூக்கிலிடப்பட்டார். சதிக்காரர் இருவரின் தண்டனையும் மேன்முறையீட்டில் ஆயுட்சிறையாகக் குறைந்தது. தூக்குக்குச் சற்று முன் சோமராம கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். அதை வெற்றியாகக் கொண்டாடுவது நமக்கு அழகல்ல. மன்னிப்பைத் தேடிய ஓர் ஆத்துமாவுக்காகச் செபிப்பதே அழகு. பண்டாரநாயக்கா கேட்ட இரக்கம் அவருக்குச் சிறைக்குள், குருவானவர் ஒருவரின் கையால் மட்டுமே கிடைத்தது.

*பிற நாடுகளில்*

நான்கு ஆண்டுகள் செல்ல, 1963 நவம்பர் 22ஆம் திகதி, நம் வீடுகள் பலவற்றில் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு அருகே படமாய்த் தொங்கிய ஜோன் கெனடி சுடப்பட்டார். அவரைக் கொன்ற துப்பாக்கி பொய்ப் பெயரில், 21 டொலர் 45 சதத்துக்குத் தபாலில் வரவழைக்கப்பட்டது. வாங்குபவன் யாரென்று கேட்பாரில்லை. மார்ட்டின் லூதர் கிங்கும் றொபேட் கெனடியும் கொல்லப்பட்ட 1968இல்தான் தபால் விற்பனையைத் தடுக்கும் சட்டம் வந்தது. கடையில் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் சட்டமோ 1993இல். தனியார் தமக்குள் விற்பதற்கு அது முழுமையாகச் செல்லாது. அந்த இடைவெளியை அடைக்கவேண்டும் என்று அமெரிக்க ஆயர்கள் கேட்டு வருகிறார்கள். எதிர்ப்போர் தங்கள் அரசியலமைப்பு தந்த உரிமை என்கிறார்கள். கெட்டவன் சட்டத்தை மதியான், நல்லவனுக்கே தொல்லை என்றும் சொல்கிறார்கள்.

இந்த நியாயத்தில் ஓரளவு உண்மை உண்டு. வன்னியிலும் மட்டக்களப்பிலும் யானைக்கும் பன்றிக்கும் பயந்து வயல் காக்கும் விவசாயிக்குத் துவக்கு தேவைதான். அவனைக் குற்றவாளிபோல் நடத்துவது தகாது. சோமராமவின் கையில் இருந்ததும் சட்டத்தை மீறி வந்த ஆயுதமே. ஆனால் அதிலிருந்து பெறவேண்டிய பாடம் சட்டம் வேண்டாம் என்பதன்று. ஆயுதத்தைக் கைமாற்றும் ஒவ்வொரு கையும் பொறுப்புச் சொல்லவேண்டும் என்பதும், உடையையும் பதவியையும் கண்டு கேள்வியை நிறுத்தக்கூடாது என்பதுமே பாடம்.

இப்பாடம் பழசாகிவிடவில்லை. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் வந்தது வழக்கறிஞர் உடையில். ஆயுதம் வந்தது நடுவைக் குடைந்த சட்டப் புத்தகத்தில். அன்று காவி உடைக்குக் கிடைத்த மரியாதை, இன்று கறுப்புக் கோட்டுக்குக் கிடைத்தது. அதே மாதத்தில் கொட்டாஞ்சேனையிலும் ஒருவர் சூடுபட்டு இறந்தார். முந்திய ஆண்டின் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளைத் திருப்பி ஒப்படைக்கும்படி சொல்லி, யார் யாருக்கு அவை உண்மையாகத் தேவை என்று மறுபடியும் ஆராயத் தொடங்கியிருந்தது. அது நல்ல காரியம். செல்வாக்குள்ளவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்றில்லாமல் அது தொடரவேண்டும்.

*நமது வாசலில்*

வாசகர்களே, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் 2019 உயிர்ப்பு ஞாயிறன்று நடந்ததை நீங்கள் மறக்கமாட்டீர்கள். அதன் பின் பூசைக்குச் செல்லும்போது வாசலில் நம் பைகளைத் திறந்து காட்டினோம். முதலில் சிலருக்கு அது மனத்தாங்கலாய் இருந்தது. ஆண்டாண்டாய் வரும் என்னையா சோதிக்கிறீர்கள் என்று கோபித்தவர்களும் உண்டு. ஆனால் பையைத் திறந்து காட்டுவது நமக்கு அவமானமல்ல. பக்கத்து வாங்கில் முழந்தாளிட்டிருக்கும் பிள்ளைக்கு நாம் செய்யும் சகோதர அன்பு. துப்பாக்கி கேட்பவன் விசாரிக்கப்படுவதும் அப்படியே. அயலானின் உயிரைப் பற்றிய கேள்விக்கு முகம் கொடுக்க மறுப்பவனிடம், அந்த உயிரைப் பறிக்கும் கருவியை எப்படிக் கொடுப்பது?

பண்டாரநாயக்காவின் வாழ்க்கை இன்னொன்றையும் காட்டுகிறது. கோஷமும் ஓர் ஆயுதமே. அதைக் கையில் எடுத்தபோது, பின்னர் அது யார் கைக்குப் போகும் என்று அவர் விசாரிக்கவில்லை. அது முதலில் நம் மக்களைச் சுட்டது. பின் அவர் செய்த உடன்படிக்கையைச் சுட்டது. அவரை மேடையேற்றிய கைகளில் ஒன்றே கடைசியில் அவரது கொலைக்குச் சதிசெய்தது. அவருடைய மகள் சந்திரிகாவோ தந்தையைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த பின், 1988இல் கணவரையும் வீட்டு வாசலில் அதே விதமாய்ப் பறிகொடுத்தார்.

நம்மில் அநேகரிடம் துப்பாக்கி இல்லை. ஆனால் நாக்கு எல்லோரிடமும் உண்டு. பிள்ளைகள் கேட்க வீட்டில் இன்னொரு இனத்தவரையோ மதத்தவரையோ பற்றிப் பேசுமுன், இவ்வார்த்தை யார் கைக்குப் போகும் என்று நம்மை நாமே விசாரித்துக்கொள்வோம். இன்றிரவு குடும்ப செபமாலையின் முடிவில், துப்பாக்கியால் இறந்தவர்களோடு அதைப் பிடித்தவர்களையும் சேர்த்து நினைத்து, ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.