குருதியின் வகை கண்ட பேரறிஞர்

ஒருவர் குருதியைப் பிறருக்குச் செலுத்தினால் சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். மருத்துவ உலகை நெடுங்காலம் மயக்கிய இப்புதிரை விடுவித்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர்.

1868-இல் பிறந்த இவர், ஆறு வயதில் தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பில் வளர்ந்து மருத்துவரானார். தம் குருதியையும் உடன் பணியாற்றியோர் குருதியையும் எடுத்து, ஒருவருடைய சிவப்பணுக்களை மற்றொருவருடைய குருதித் தெளிநீரோடு கலந்து நோக்கினார். சில கலவைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. இதனின்றும், இன்று நாம் ஏ, பி, ஓ எனக் குறிக்கும் மூன்று வகைகளை 1901-இல் வெளியிட்டார். ஏபி என்னும் நான்காம் வகையை மறு ஆண்டே அவருடைய தோழர்கள் கண்டனர். வகையறிந்து செலுத்தும் குருதி உயிர்காக்கும் மருந்தாயிற்று.

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாவை வறுமை சூழவே, ஹாலந்து சென்று, 1923-இல் நியூயார்க்கில் குடியேறினார். 1930-இல் நோபல் பரிசு இவரை நாடி வந்தது. அதன் பின்னும் ஓய்ந்தாரல்லர். 1940-இல் வீனர் என்பாருடன் ஆர்.எச். கூற்றையும் கண்டறிந்தார். 1943 ஜூன் திங்களில், ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுகையிலேயே மாரடைப்புற்று, இரு நாளில் மறைந்தார்.

அவர் பிறந்த ஜூன் 14, உலகக் குருதிக் கொடையாளர் நாளாக 2004 முதல் போற்றப்படுகிறது. குருதியின் வகைகள் குலமும் நாடும் மொழியும் பார்ப்பதில்லை. உற்றார் தொலைவிலிருக்க, அயலாரே உறவாக வாழும் நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் தத்தம் குருதி வகையை அறிந்து வைத்தலும், உடல்நலம் உடையோர் மனமுவந்து வழங்கலும் அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.