பொல்லார்ட் எழுத்து யாருடைய எழுத்து?

1904 ஜூலை 12 அன்று தென்மேற்குச் சீனத்தின் யுன்னான் மாநிலத்திலுள்ள சாவ்தோங் நகருக்கு மலைவாசிகள் நால்வர் நடந்து வந்தனர். அங்கே வாழ்ந்த ஆங்கிலேய மறைப்பணியாளர் சாமுவேல் பொல்லார்டை அவர்கள் தேடிக்கொண்டிருந்தனர். தொலைவிலிருந்த அன்ஷுன் நகரின் மறைப்பணியாளர் ஜேம்ஸ் ஆடம், தம்மிடம் வருவதைவிடச் சாவ்தோங் அவர்களுக்கு அருகில் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் அ-மாவ் மக்கள். சீனர் அவர்களை மியாவ் என்ற பொதுப்பெயருக்குள் அடக்கி, உடையின் பூவேலையைக் கொண்டு பெரும்பூ மியாவ் என்றும் பிரித்து அழைத்தனர். வெளியார் இட்ட பெயரில் ஏளனம் ஒட்டிக்கொண்டிருப்பது நமக்குப் புதிய செய்தி அன்று.

நால்வரும் கேட்டது படிப்பு.

மறைப்பணியாளர் வரலாறுகள் வழக்கமாக வேறு வரிசையில் சொல்லப்படுகின்றன. வெள்ளையர் ஒருவர் காடு மலை கடந்து சென்று, உலகம் அறியாத மக்களைக் கண்டுபிடித்து, ஒளி கொடுப்பார். பொல்லார்டின் வாழ்க்கையோ அவ்வரிசைக்குள் அடங்க மறுக்கிறது. அவர் சீனத்துக்கு வந்து அதற்குள் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. சாவ்தோங்கில் அவர் சொல்லுக்குச் செவிகொடுத்தோர் மிகச் சிலர். மலைமக்களை அவர் கண்டுபிடித்தார் என்பதைவிட, மலைமக்கள் அவரைக் கண்டுபிடித்தனர் என்பதே பொருந்தும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கேமல்ஃபோர்ட் என்னும் சிற்றூரில் 1864 ஏப்ரல் 20 அன்று பிறந்தவர் பொல்லார்ட். தந்தை பைபிள் கிறித்தவர் என்ற சபையின் போதகர். மெதடிஸ்ட் மரபிலிருந்து கிளைத்த அச்சபை, உழவரிடையேயும் எளிய கைத்தொழிலாளரிடையேயும் வளர்ந்தது. தொடக்கக் காலத்திலேயே பெண்களும் அதில் போதித்தனர். பொல்லார்ட் அரசுத் தேர்வில் வென்று இலண்டனில் எழுத்தர் வேலையில் அமர்ந்தார். பிட்மன் சுருக்கெழுத்தையும் அறிந்திருந்தார். இச்சிறு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அது பின்னர் பயன்படும். 1887இல் நண்பர் ஃபிராங்க் டைமண்டுடன் கப்பலேறினார். சீனமொழி கற்று, யாங்சி ஆற்றில் படகு உடைந்து உயிர் தப்பி, 1888இல் யுன்னான் சேர்ந்தார். 1891இல் எம்மா ஹெயிஞ்சை மணந்தார். எம்மா செவிலியர், மலைமக்களிடையே அவர் செய்த மருத்துவப்பணி கணவரின் புகழுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று.

அ-மாவ் மக்களுக்குச் சொந்த நிலம் இல்லை. யுன்னானும் குய்சோவும் சந்திக்கும் அந்த மலைச்சரிவுகள் யி இனத்து நிலக்கிழார்களுக்கு உரியவை. அங்கே சோளமும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் விளைவித்தவர்கள் அ-மாவ் குடிகள். விளைச்சலில் பங்கும் கூலியற்ற உழைப்பும் நிலக்கிழாருக்குச் செலுத்தினர். நிலக்கிழார் அடித்தாலும் கட்டிவைத்தாலும் கேட்பதற்கு அவ்வட்டாரத்தில் நீதிமன்றம் என்று ஒன்று நடைமுறையில் இருக்கவில்லை. யி மக்களே சீனப் பேரரசின் கண்ணில் காட்டுமிராண்டிகள். அவர்களுக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்கள் அ-மாவ். படிநிலைச் சமூகத்தின் இந்தக் கணக்கு நமக்கு விளங்கக்கூடியதே.

அவர்களிடம் ஒரு தொன்மக்கதை வழங்கிவந்தது. முன்னொரு காலத்தில் அவர்களுக்கு நிலமும் நகரங்களும் இருந்தன, எழுத்தும் நூல்களும் இருந்தன. போரில் தோற்று, ஆறுகளைக் கடந்து ஓடியபோது நூல்கள் தொலைந்தன. எஞ்சிய நினைவைப் பெண்கள் தம் உடையில் பூவேலையாகத் தைத்துக் காத்தனர். எழுத்தில்லாதவர் என்று உலகம் இகழ்ந்த மக்கள், தம்மை எழுத்து பறிக்கப்பட்டவர் என்றே அறிந்திருந்தனர். இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு மிகப் பெரிது.

நால்வருக்குப் பின் பத்துப் பத்தாகவும், பிறகு நூறு நூறாகவும் மலையிலிருந்து இறங்கினர். தாம் உண்ண ஓட்ஸ் மாவைத் தாமே சுமந்து வந்து, பொல்லார்டின் வீட்டுத் தரையில் படுத்து, இரவும் பகலும் சீன எழுத்துப் புத்தகங்களோடு போராடினர். நகரத்தாரிடையே வதந்தி பரவியது: வெள்ளையர் இவர்களிடம் நஞ்சு கொடுத்து அனுப்புகிறார், கிணறுகளில் கலக்கப்போகிறார்கள். வழியில் மறித்து அடித்தனர், மாவு மூட்டைகளைப் பிடுங்கினர். குத்தகைக்காரர் புத்தகம் ஏந்தி நடப்பதைக் கண்ட நிலக்கிழார்களும் சிலரைப் பிடித்து வதைத்தனர். கிணற்றையும் தீண்டுவோரையும் இணைத்துப் பேசும் அச்சம் நம் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

பொல்லார்ட் அதிகாரிகளிடம் சென்று பாதுகாப்பு கேட்டார். மலைமக்களைத் துன்புறுத்தக்கூடாதென்று அறிவிப்புகளும் பெற்றார். இதில் ஒரு முரண்பாட்டை நாம் மறைக்கலாகாது. அபினிப் போர்களில் தோற்ற சீனத்தின்மீது சுமத்தப்பட்ட ஒப்பந்தங்களே வெள்ளையரின் சொல்லுக்கு அந்த எடையைக் கொடுத்தன. பேரரசின் நிழலில் நின்றுதான் ஒடுக்கப்பட்டோருக்காக அவர் பேச முடிந்தது. அந்த நிழல் வேண்டாம் என்று சொல்லும் வசதி அடிபட்ட குடியானவருக்கு இருக்கவில்லை.

1905இல் குய்சோவின் வெய்னிங் வட்டாரத்தில், ஷிமென்கான் என்னும் மலையிடத்தில் யி நிலக்கிழார் ஒருவர் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வழங்கினார். நிலக்கிழார்கள் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர் என்பதற்கு இது சான்று. அ-மாவ் மக்களின் உழைப்பாலும் காசாலும் அங்கே ஆலயமும் பள்ளியும் எழுந்தன.

எழுத்து பிறந்ததும் அதே ஆண்டுகளில்தான். சீனச் சித்திர எழுத்தால் அ-மாவ் மொழியின் ஒலிகளைப் பிடிக்க இயலவில்லை. ஒரே அசையைக் குரலின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருளாக்கும் மொழி அது. உரோமன் எழுத்தும் இலகுவாகப் பொருந்தவில்லை. கனடாவில் கிரீ மக்களுக்காக ஜேம்ஸ் எவான்ஸ் 1840இல் உருவாக்கிய அசையெழுத்து பொல்லார்டின் நினைவுக்கு வந்தது. எவான்ஸின் எழுத்தில் பிட்மன் சுருக்கெழுத்தின் சாயலும் தேவநாகரியின் சாயலும் உண்டென்பர் ஆய்வாளர். பொல்லார்டோடு அமர்ந்து உழைத்தவர்கள் ஸ்டீபன் லீ என்னும் சீனரும், யாங் யாகே முதலிய அ-மாவ் மக்களும். எந்த ஒலிக்கும் எந்த ஒலிக்கும் வேறுபாடு உண்டு என்பதை அ-மாவ் செவியைத் தவிர வேறெந்தச் செவி தீர்மானிக்க முடியும்?

அமைப்பு எளியது. மெய்யெழுத்து பெரிதாக நிற்கும். உயிரெழுத்து சிறிதாக அதனருகே அமரும். நம் உயிர்மெய்யில் கொம்பும் காலும் ஒட்டிக்கொள்வதைப் போல என்று ஓரளவுக்குச் சொல்லலாம். வேறுபாடு என்னவெனில், அச்சிறு உயிரெழுத்து மெய்யின் மேலே நிற்கிறதா, பக்கத்தில் நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பதே குரலின் உயரத்தைச் சொல்லிவிடும். உழைத்துக் களைத்தவரும் விரைவில் கற்கத்தக்க எழுத்து. சில வடிவங்கள் பெண்களின் பூவேலையிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அ-மாவ் மக்கள் கூறுகின்றனர். முதல் நூல்களைக் கையில் வாங்கியபோது, ஆற்றில் தொலைத்த நூல்கள் திரும்பிவிட்டன என்றே பலர் கொண்டாடினர்.

1907இல் ஓர் ஊரில் பொல்லார்ட் சூழப்பட்டு, இறக்கும் தறுவாய்வரை அடிக்கப்பட்டார். நுரையீரல் காயப்பட்டது. தேறி, தாயகம் சென்று, மீண்டும் ஷிமென்கானுக்கே திரும்பினார். பெண்களின் கால்களைக் கட்டிச் சிறுக்கவைக்கும் சீன வழக்கத்தையும் அவர் எதிர்த்தார்.

அவர் செய்த கேடும் உண்டு. இளையோர் கூடிப் பாடிக் காதலித்த விழாக்களையும் நாணல்குழல் இசையையும் மதுவோடு சேர்த்துப் பாவத்தின் பட்டியலில் மறைப்பணி எழுதியது. மக்களை மனிதராக மதித்தவருக்கு அவர்களுடைய பாட்டை மதிக்கத் தெரியவில்லை. இக்குறையை அவர் காலத்தின்மேல் ஏற்றிவிட்டு நகர நாம் விரும்பவில்லை. தாளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நேர்ந்த இழப்பு அது. ஆயினும் பின்னாளில் அம்மக்களே தம் பழம்பாடல்களையும் கதைகளையும் அதே எழுத்தில் எழுதி வைத்தனர். விவிலியத்துக்காக வந்த எழுத்து, விவிலியம் விலக்கச் சொன்னதையும் காத்தது.

1915இல் ஷிமென்கான் பள்ளியில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. நோயுற்ற மாணவர்களைப் பேணியபோது பொல்லார்டுக்கும் தொற்றியது. செப்டம்பர் 16 அன்று, 51ஆம் வயதில் இறந்தார். பள்ளிக்கு மேலுள்ள குன்றில் புதைக்கப்பட்டார். தோழர்கள் முடித்த அ-மாவ் புதிய ஏற்பாடு 1917இல் ஜப்பானின் யோகோஹாமாவில் அச்சேறியது.

நிலக்கிழார்கள் அஞ்சியது வீணன்று. ஷிமென்கானில் படித்த வூ சிங்சுன் செங்டு நகரில் மருத்துவம் பயின்று, 1929இல் மருத்துவராக மலைக்குத் திரும்பினார். குத்தகைக்காரர் பிள்ளைகளுள் ஒருவரான சூ ஹுவான்சாங் பல்கலைக்கழகம் முடித்து வந்து, 1943இல் அங்கே நடுநிலைப் பள்ளி தொடங்கினார். அவ்வெழுத்து லிபோ, நாசு முதலிய அண்டை மக்களின் மொழிகளுக்கும் பரவியது.

1950களில் புதிய அரசு மியாவ் மொழிகளுக்கு இலத்தீன் எழுத்து வகுத்தது. பள்ளிகளில் அது கற்பிக்கப்பட்டபோதும், மலைவீடுகளில் பழைய எழுத்தே கடிதங்களையும் பாட்டுப்புத்தகங்களையும் நிறைத்தது. பண்பாட்டுப் புரட்சியில் பொல்லார்டின் கல்லறை உடைக்கப்பட்டது. பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. எழுத்துக்கோ கல்லறை தேவைப்படவில்லை.

ஆங்கில நூல்களில் அது இன்றும் பொல்லார்ட் எழுத்து என்றே வழங்குகிறது. யாங் யாகேயின் பெயரால் ஒருவரும் அழைப்பதில்லை. 2012இல் உலகக் கணினிகளுக்கான யூனிகோடு தரத்தில் அவ்வெழுத்து இடம்பெற்றபோது, அத்தொகுதிக்கு வைக்கப்பட்ட பெயர் மியாவ். பிறர் இட்ட பெயர்தான். எனினும் அந்த எழுத்தின்மீது மக்களின் பெயர் ஏறியிருக்கிறது.