தீர்ப்பிடாதவர் திருத்திய சக்கரவர்த்தி



பிறரைத் தீர்ப்பிடலாகாதென்று நமதாண்டவர் மலைப் பிரசங்கத்தில் கட்டளையிட்டார். அதே மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்திலோ, குற்றஞ் செய்த சகோதரனைத் தனியே கண்டு அவனுக்குப் புத்தி சொல்லும்படி கற்பிக்கிறார். இவை முரண்பட்ட கட்டளைகளா? டிசம்பர் 7-ந் தேதி நாம் கொண்டாடும் அர்ச். அம்புரோசியாரின் ஜீவியத்தைப் பார்த்தால் விளங்கும்.

அவர் முதலில் இத்தாலியாவின் வடபகுதியில் மிலான் நகரிலிருந்து ஆண்ட மாகாண அதிபதி. விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதே அவர் உத்தியோகம். 374-ம் ஆண்டில் அந்நகரின் மேற்றிராணியார் இறந்தார். அடுத்தவரைத் தெரிந்துகொள்வதில் கத்தோலிக்கருக்கும் ஆரிய பதிதருக்கும் கலகம் மூளும்போல் இருந்தது. சமாதானம் செய்யக் கோவிலுக்குப் போன அதிபதியையே மேற்றிராணியாராகத் தரவேண்டுமென்று ஜனங்கள் கேட்டார்கள். அப்போது அவர் ஞானஸ்நானங்கூடப் பெறாதவர்! சில நாட்களுக்குள் ஞானஸ்நானம் பெற்று, மேற்றிராணியாராக அபிஷேகமானார்.

390-ம் ஆண்டில் தெசலோனிக்கா பட்டணத்தார் கலகஞ் செய்து, சேனாதிபதி ஒருவரைக் கொன்றார்கள். தெயோதோசியுஸ் சக்கரவர்த்தி கோபத்தால் மதியிழந்து, அப்பட்டணத்தாரை வெட்டும்படி உத்தரவிட்டார். குற்றவாளி, நிரபராதி என்று பாராமல் ஜனங்கள் வெட்டுண்டார்கள். இறந்தவர்கள் 7,000 பேர் என்று பழைய சரித்திர ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அம்புரோசியார் கோவில் வாசலில் சக்கரவர்த்தியை மறித்து நிற்கும் படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அது பிற்காலத்தார் விவரித்த சம்பவம். அவர் எழுதிய கடிதமோ இன்றும் இருக்கிறது. அவர் நகரைவிட்டு விலகியிருந்து, தம் கைப்படவே எழுதி, அரசர் மாத்திரம் வாசிக்கும்படி அதை அனுப்பினார். செய்தது கொடும் பாவமென்று ஒளிக்காமல் சொன்னார். அரசர் தபசு செய்யாமல் வந்து நின்றால் தாம் திவ்விய பூசை நிறைவேற்ற முடியாதென்றார். ஆனால் அவரைக் கெட்டவரென்று தள்ளிவிடவில்லை. பாவஞ் செய்து மனஸ்தாபப்பட்ட தாவீதரசரை நினைப்பூட்டி, அவ்வழியே வரும்படி கெஞ்சினார். சக்கரவர்த்தி இராஜ சின்னங்களைக் களைந்து, கோவிலில் எல்லார் முன்பாகவும் அழுது தபசு செய்தார். 395-ல் அவர் மரித்தபோது, அவருக்காக உருக்கமாய்ப் பிரசங்கித்தவரும் அம்புரோசியாரே.

செயலைத் தீர்ப்பிட்டார், ஆத்துமத்தைச் சர்வேசுரனுக்கு விட்டார். கண்ணிலுள்ள உத்திரத்தை முதலில் எடுத்துப்போடச் சொன்ன ஆண்டவர், பிறன் கண்ணிலுள்ள துரும்பை அதன்பின் எடுக்க வேண்டாமென்று சொல்லவில்லையே! தபசைப் பற்றித் தாம் எழுதிய நூலில், பிறன் பாவத்துக்காக அழும்போதே தம் பாவத்துக்காகவும் அழும் வரத்தை அம்புரோசியார் கேட்கிறார். தம்மிடம் பாவத்தை வெளியிட்டவர்களோடு சேர்ந்து அழுவார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய பவுலினுஸ் கூறுகிறார். கேட்ட பாவத்தைச் சர்வேசுரனிடமன்றி வேறெவரிடமும் பேசமாட்டாராம்.

நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அடுத்த வீட்டுப் பெண்ணைப்பற்றிக் கிணற்றடியிலும் கோவில் முற்றத்திலும் பேசுகிறோம். அவளிடம் மட்டும் பேசுவதில்லை. மகன் குடித்துவிட்டு வருவதைக் கண்ட தகப்பன், தீர்ப்பிடலாகாதென்று வாய்மூடி இருக்கிறான். முன்னது புறணி, பின்னது கோழைத்தனம். இரண்டும் சிநேகமல்ல.

ஆகையால் ஒருவர் குற்றத்தைப் பற்றி வாய் திறக்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடமே சொல்லுகிறேனா? தனியே சொல்லுகிறேனா? அவருக்காக இன்று ஒரு அருள்நிறை மந்திரமாவது சொன்னேனா? மூன்றுக்கும் ஆம் என்றால் பயப்படாமல் பேசுங்கள். இல்லையென்றால், அந்த அருள்நிறை மந்திரத்திலிருந்து தொடங்குங்கள்.