ஆர். நரசிம்மன்

இரங்கசாமி நரசிம்மன் (ஏப்ரல் 17, 1926 – செப்டம்பர் 3, 2007) சென்னையில் பிறந்த இந்தியக் கணினி அறிவியலாளர் ஆவார். இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட தொடக்ககால எண்ணிமக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை வகித்தார். நடுவண் அரசின் கணினிப் பராமரிப்புக் கழகத்தின் (சி.எம்.சி.) முதல் தலைவரும் இவரே. 1978 இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை இக்கழகம் ஏற்றது.

கல்வி

நரசிம்மன் கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். சென்னைக் கடற்கரை – தாம்பரம் புறநகர்த் தொடர்வண்டித் தடத்திலுள்ள கிண்டியை அடுத்து அமைந்த இக்கல்லூரி, 1794 இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது; 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது. பின்னர் அவர் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

டிஃப்ராக்

1954 இல் நாடு திரும்பி, மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். கணினி கட்டிய முன்னனுபவம் இல்லாத இளைஞர் குழு ஒன்று, முதலில் ஒரு மாதிரிப் பொறியையும் அடுத்து முழு அளவுக் கணினியையும் அமைத்தது. அக்கணினி 1960 இல் இயக்கத்திற்கு வந்தது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்களும், 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களைக் கொள்ளும் ஃபெரைட் நினைவகமும் அதில் இருந்தன. 1962 இல் ஜவகர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயரிட்டார். அது 1965 வரை பயன்பாட்டில் இருந்தது.

ஐ.பி.எம். வெளியேற்றமும் சி.எம்.சி.யும்

1960களில் இந்திய அலுவலகங்களில் பரவியவை பெரும்பாலும் ஐ.பி.எம். 1401 வகைக் கணினிகள். இவை வாடகைக்கே தரப்பட்டன. பொறி, உதிரிப் பாகம், பழுது நீக்கும் பொறியாளர் ஆகிய அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அலுவலகப் பதிவுகளோ துளையட்டைகளிலும் காந்த நாடாக்களிலும், அப்பொறிகள் படிக்கும் வடிவில் சேமிக்கப்பட்டிருந்தன. பொறி நின்றால் சம்பளப் பட்டியலும் கணக்குகளும் நின்றுவிடும் என்பதே நிலைமை.

1973 இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனங்கள் தம் இந்தியக் கிளைகளில் தமது பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டியிருந்தது. ஐ.பி.எம். இதற்கு உடன்படாமல் 1978 இல் வெளியேறியது. 1975 இலேயே நிறுவப்பட்டிருந்த சி.எம்.சி., 800க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த ஐ.பி.எம். நிறுவல்களின் பராமரிப்பை ஏற்றது. பின்னர் பிற வெளிநாட்டு நிறுவனங்களின் கணினிகளையும் பராமரித்தது.

இது தரவு இடமாற்றம் அன்று. பொறி அங்கேயே இருக்க, அதைக் காப்பவர் மட்டுமே மாறினார். எனினும், இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை இன்று நிறுத்தாமல் இடம் மாற்றுவோர் கடைப்பிடிக்கும் முதல் விதியும் இதுவே. புதிய முறைமை சரிபார்க்கப்படும் வரை பழையது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் தரவு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. அதற்கிடையே பழைய தளத்தில் நிகழும் மாற்றங்கள் தொடர்ந்து புதியதற்கு அனுப்பப்படுகின்றன. இரண்டும் ஒத்திருப்பது உறுதியான பின்னரே பயனர்கள் புதிய தளத்திற்குத் திருப்பப்படுகின்றனர். பழையது முன்னதாகவே நின்றுவிட்டால் இவற்றுள் எதற்கும் காலம் இராது. 1978 இல் பராமரிப்பு தொடர்ந்ததால், அலுவலகங்கள் ஐ.பி.எம். குறித்த நாளில் அல்லாமல், தமக்கு உகந்த நாளில் புதிய கணினிக்கு மாற இயன்றது.

தொடர்வண்டி முன்பதிவு

சி.எம்.சி. பின்னர் மென்பொருள் துறையிலும் இறங்கியது. தாள் பேரேடுகளில் எழுதப்பட்டுவந்த இருக்கை முன்பதிவைக் கணினிக்கு மாற்றும் முறைமையை 1985–86 இல் புது தில்லியில் நிறுவியது. அடுத்து மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் தனித்தனி மையங்கள் ஏற்பட்டன. தொடர்வண்டித் துறையின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய கான்சர்ட் மென்பொருள், 1999 இல் இவ்வைந்தையும் ஒன்றிணைத்தது. தாம்பரம் போன்ற புறநகர் நிலைய முகப்பிலிருந்தே பிற மண்டலங்களில் புறப்படும் வண்டிகளுக்கும் இடம் பதிய இயன்றது இதனால்தான். சி.எம்.சி.யை 2001 இல் டாட்டா குழுமம் வாங்கியது; 2015 இல் அது டி.சி.எஸ். நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

பிற பணிகளும் சிறப்புகளும்

1961 முதல் 1964 வரை இலினொய் பல்கலைக்கழகத்தில் வருகைதரு அறிவியலாளராக இருந்தபோது, படிமங்களை இலக்கண விதிகளைக் கொண்டு இனங்காணும் முறையை ஆராய்ந்தார். பிற்காலத்தில் மொழி, எழுத்தறிவு, செயற்கை நுண்ணறிவு ஆகியவை குறித்து நூல்கள் எழுதினார். இந்தியக் கணினிக் கழகத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். 1977 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 2007 இல் பெங்களூரில் காலமானார்.