சோரா ஆர்க்கசு-டன்டோவ்

சோரா ஆர்க்கசு-டன்டோவ் (டிசம்பர் 25, 1909 - ஏப்ரல் 21, 1996) அமெரிக்கத் தானுந்துப் பொறியாளர் ஆவார். செவர்லே கார்வெட்டைப் பந்தயத் திறன் மிக்க வண்டியாக வளர்த்தெடுத்தமையால் கார்வெட்டின் தந்தை என அழைக்கப்படுகிறார்.

வாழ்க்கை

பெல்ஜியத்தின் பிரசெல்சு நகரில் உருசிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். பெர்லினில் பொறியியல் பயின்று 1934 இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறினார். 1953 இல் ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்தில் சேர்ந்தார்.

பணிகள்

1957 கார்வெட்டின் எரிபொருள் உட்செலுத்து முறையை உருவாக்குவதில் பங்காற்றினார். பந்தயத்துக்கென இவர் வடிவமைத்த கிராண்ட் சுபோர்ட், நிர்வாகத்தின் தடையால் 1963 இல் ஐந்து வண்டிகளோடு நின்றது. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் அமைக்கப் பலமுறை முயன்றார். நிறுவனம் அதனை உற்பத்திக்கு ஏற்கவில்லை. 1975 இல் ஓய்வு பெற்றார்.

டிரை சம்ப் முறையும் கார்வெட்டும்

வண்டி விரைவாகத் திரும்பும்போது எஞ்சினின் அடிக்கலத்து எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கும்; பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்தால் பேரிங்குகள் சிதையும். டிரை சம்ப் முறையில் எண்ணெய் தனித்தொட்டியில் சேமிக்கப்படுவதால் இக்குறை நீங்குகிறது. அடிக்கலத்தின் ஆழம் குறைவதால் எஞ்சினையும் தாழ்வாகப் பொருத்தலாம். 2006 ஆம் ஆண்டின் கார்வெட் இசட்06 இம்முறையுடன் வெளிவந்தது. 2020 ஆம் ஆண்டு மாதிரியில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இடம்பெற்றது. அடிப்படை வகையிலேயே டிரை சம்ப்பும் அமைந்தது. டன்டோவ் விரும்பிய அமைப்பு, அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே உற்பத்திக்கு வந்தது.

இவரது அஸ்தி கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் நகரிலுள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.