பூட்டின கதவும் திறந்த வானமும்



ஏமன் தேசத்திலே 1619-ம் வருஷம் ஒரு யூதக் குடும்பத்தில் ஷாலோம் ஷபாசி பிறந்தார். நம்ம அருப்புக்கோட்டைத் தறிக்காரரைப்போல நெசவு செய்து பிழைத்தவர் என்று அவர் ஜனங்கள் சொல்லிவருகிறார்கள். தறி பிடித்த அந்தக் கை எபிரெயு, அரபி, அரமேயம் என்று மூன்று பாஷையிலும் தேவனைத் துதித்து எழுதினது. நூற்றுக்கணக்கான பாடல்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன.

அவருக்கு அறுபது வயசானபோது பெரிய உபத்திரவம் வந்தது. 1679-ல் அந்நாட்டை ஆண்ட இமாம், யூதர்களை ஊர் ஊராகத் துரத்தி, மவ்சா என்கிற அனல் பறக்கும் சமவெளிக்கு அனுப்பினான். வெயிலிலும் பசியிலும் அநேகர் மாண்டுபோனாங்க. ஏறக்குறைய ஒரு வருஷத்தில், கைத்தொழில் செய்ய ஆளில்லாமல் நாடு திண்டாடவே, மிஞ்சினவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனாலும் சனா பட்டணத்து யூதருக்குப் பழைய வீடு கிடைக்கலை. மதிலுக்கு வெளியேதான் குடியேறினாங்க. தன் ஜனத்தின் இந்தக் கண்ணீரையும் ஷபாசி பாட்டாக்கி வைத்தார்.

அவருடைய பாடல்களில் ஒன்று 'இம் நின்அலு'. மனுஷர் பூட்டின வாசலில் தொடங்கி, வானத்தை நோக்கித் திரும்பி, எசேக்கியேல் கண்ட கேருபீன்களும் சக்கரங்களும் சூழ்ந்த சிங்காசனம் வரைக்கும் ஏறிப்போகிற பாட்டு அது. ஓய்வுநாள் பந்தியிலும் கல்யாண வீட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். பெண்கள் தகர டின்னைத் தட்டியே தங்கள் பாட்டுகளுக்குத் தாளம் போட்டாங்க.

1949, 50-ம் வருஷங்களில் ஏமன் யூதரில் பெரும்பாலோர் விமானமேறி இஸ்ரவேலுக்குப் போனபோது பாட்டும் கூடவே போனது. அங்கே ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த ஓஃப்ரா ஹாசா, தாயிடம் கற்ற ஏமன் பாடல்களை 1984-ல் இசைத்தட்டாக்கினார். நவீன தாளத்தோடு வந்த 'இம் நின்அலு' 1988-ல் ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. துதிப்பாட்டு நடன மேடைக்குப் போயிட்டதேன்னு சிலர் வருத்தப்படலாம். ஆனால் மதிலுக்கு வெளியே தள்ளப்பட்ட ஒரு ஜனத்தின் ஜெபம், பாஷை தெரியாதவர் காதிலும் விழுந்ததே! துரத்தின இமாமின் பேர் யாருக்குத் தெரியும்?

சகோதரரே, சகோதரிகளே, 2018-ல் உச்சநீதிமன்ற உத்தரவுக்குப் பின் நம்ம பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது நினைவிருக்கா? கேட்டில் தொங்கின பூட்டைப் பார்த்து அழுதவர்கள் நம் நடுவிலேயே இருக்காங்க. அடுத்த முறை ஒரு கதவு சாத்தப்படும்போது, அந்த நெசவாளியைப்போல மேலே பாருங்க. பூட்டின வாசலிலும் பாட முடியும். ஆமென்.