வேதியியலை விட்டுப் படத்தொகுப்புக்கு

1893ஆம் ஆண்டு உருசியாவின் பென்சா நகரில் பிறந்த புடோவ்கின், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்றவர். முதல் உலகப் போரில் காயமுற்று, 1915இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, மூன்றாண்டுகள் கழித்தே தாயகம் மீண்டார். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. ஆயினும், கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' படத்தைக் கண்டபின் அவர் உள்ளம் அதில் நிலைகொள்ளவில்லை. 1920இல், இருபத்தேழாம் வயதில், திரைப்படப் பள்ளியில் மாணவரானார்.

பின்னர் அவருக்கு ஆசானாய் வாய்த்த குலெஷோவ் அவரினும் ஆறு வயது இளையவர்! படச்சுருளுக்குக் கடும் பஞ்சம் நிலவிய காலம் அது. படம்பிடிக்காமலேயே காட்சிகளை நடித்துப் பழகினர் மாணவர். நடிகர் ஒருவரின் சலனமற்ற முகத்தின் அண்மைக் காட்சியைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டியில் கிடக்கும் பெண், பொம்மையுடன் விளையாடும் சிறுமி ஆகிய காட்சிகளோடு தனித்தனியே ஒட்டித் திரையிட்டனர். முகம் ஒன்றே, பார்த்தோரோ ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உணர்ச்சியைக் கண்டு நடிகரை வியந்தனராம். இச்செய்தி உலகெங்கும் பரவியது பெரிதும் புடோவ்கினின் எழுத்தால்தான்.

கற்றதை 1926இல் 'தாய்' படத்தில் பயன்படுத்தினார். விடுதலை நெருங்குவதை அறிந்த கைதியின் முழு முகத்தைக் காட்டாது, கைகளையும் இதழோரத்தையும் காட்டி, இடையே வசந்தகால ஓடையையும் சிரிக்கும் குழந்தையையும் இணைத்தார். 1951இல் இந்தியாவுக்கும் வந்து சென்ற அவர், 1953இல் மறைந்தார்.